பழைய காரின் பிளாஸ்டிக் மாடலைக் கட்டும் முறை: 1966 பீட்டில், 1/24 அளவில்

ராணுவ வண்டி மாடல்களைக் கட்டிப் பழகியவர்கள்கூட முதல் கார் கிட்டில் (ஒட்டிக் கட்டவேண்டிய பாகங்களின் பெட்டியில்) தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பசையும் கத்தியும் அதே பசையும் கத்தியும்தான். ஆனால் பீரங்கி வண்டியில் புழுதியும் துருவும் பூசிக் குறையை மறைத்துவிடலாம். காரின் பளபளப்பான மேற்பரப்பில் ஒரு தூசி, ஒரு கைரேகை, அச்சின் துண்டுகள் சந்தித்த இடத்தில் சீவாமல் விட்ட ஒரு கோடு எல்லாமே தெரியும். அதனால் கார் மாடலில் வேலையின் வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஜப்பானிய நிறுவனமான தாமியாவின் வோக்ஸ்வேகன் 1300 பீட்டில், 1966 மாடல், 1/24 அளவு. முடிந்தபின் சுமார் 17 செ.மீ. நீளம் வரும். முதல் காருக்கு இது ஏற்றது. ஒரே நிறம் போதும். குரோம் பட்டைகள் இருக்கின்றன, ஆனால் மிரட்டும் அளவுக்கு இல்லை. அமெரிக்க நிறுவனங்களின் 1/25 கிட் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுவே. அவற்றில் பழைய அச்சில் வார்த்தவையாக இருந்தால் கோடு சீவும் வேலை மட்டும் கூடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

வெட்டுவதற்கு: பிளாஸ்டிக்குக்கான கூரிய நிப்பர், மெல்லிய கைக்கத்தி, அதற்குப் புதிய பிளேடுகள். மின்கம்பி வெட்டும் கட்டர் வேண்டாம். அது நறுக்குவதைவிட நசுக்குவதே அதிகம்; நசுங்கிய இடம் வெளுத்துப்போகும்.

தேய்ப்பதற்கு: 400, 600, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர். சாதாரண மர உப்புத்தாள் போடும் கீறல் பிரைமர் எனும் அடிப்பூச்சுக்கு அடியிலிருந்தும் எட்டிப்பார்க்கும்.

ஒட்டுவதற்கு மூன்று பசைகள். பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் நீர்த்த சிமென்ட், உலோகம் அல்லது பெயிண்ட் பூசிய பாகத்துக்கு சூப்பர் குளூ, ஜன்னல் கண்ணாடியாக வரும் தெளிவான பிளாஸ்டிக் பாகங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை. ஒன்றின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடி பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

பெயிண்டுக்கு: பிரைமர், உடலின் நிறம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) ஆகிய மூன்று ஸ்ப்ரே கேன்களும் ஒரே வகையில் இருக்கட்டும். தாமியாவின் டி.எஸ். வரிசை ஸ்ப்ரே, விரைவாகக் காயும் லாக்கர் வகைப் பெயிண்ட். அவர்களுடைய பிரைமரும் டி.எஸ்.-13 கிளியரும் அதோடு ஒத்துப்போகும். மெதுவாகக் காயும் எனாமல் பெயிண்டின்மேல் லாக்கர் அடித்தால் அடியில் இருப்பது சுருங்கி மேலெழும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கார் டச்-அப் ஸ்ப்ரே மலிவுதான், ஆனால் அதன் கரைப்பான் வீரியமானது. வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் மேற்பரப்பு நுண்ணிய வெடிப்புகளாகிவிடும். கேன்கள் விமானத் தபாலில் வராது என்பதால், உள்ளூரில் எந்த நிறம் கிடைக்கிறது என்று பார்த்த பிறகே காரின் நிறத்தை முடிவுசெய்யுங்கள்.

பாதுகாப்புக்கு: கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம். என்95 தூசியை மட்டுமே தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மொட்டை மாடியோ திறந்த பால்கனியோ நல்லது. சமையலறைக்கு அருகே, எரியும் அடுப்பு இருக்கும் பக்கம் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது.

2. விளக்கத்தாளின் வரிசையை மாற்றி எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். விளக்கத்தாள் பாகங்களைச் சேர்க்கும் வரிசையைச் சொல்கிறது. பெயிண்ட் அடிக்கும் வரிசையைச் சொல்வதில்லை. அது அடிப்பாகத்தில் தொடங்கும். உடல் கடைசிப் பக்கங்களில்தான் வரும். அப்படியே பின்பற்றினால், சேஸிஸ் (காரின் அடித்தட்டு) எல்லாம் முடிந்து, காரை முழுதாகப் பார்க்கும் ஆசை உச்சத்தில் இருக்கும்போது உடலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில்தான் ஈரமான பெயிண்டில் விரல் படுகிறது.

காய அதிக நாள் எடுப்பதை முதலில் தொடங்குங்கள். அது உடல். அதன் ஒவ்வொரு பூச்சும் காயும் இடைவெளியில் சேஸிஸ், இருக்கை, சக்கரம் என்று மற்றவற்றைச் செய்யலாம்.

அடுத்து, விளக்கத்தாளை முழுதும் படித்து, உடலின் நிறத்தில் இருக்கவேண்டிய பாகங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். இந்தக் காலத்து பீட்டிலில் டாஷ்போர்டு தகடாலானது, உடலின் நிறமே அதற்கும். அது தனிப் பாகமாக, உள்ளறைப் பாகங்களை ஒன்றாகப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் இருப்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு அடிக்கும்போது பூச்சின் தடிமன் மாறி, இரண்டும் ஒரே நிறமாகத் தெரியாது. உடலோடு சேர்த்து, ஒரே நாளில், ஒரே கேனால் அடித்துவிடுங்கள்.

சின்னப் பாகங்களை இப்போதே சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டாம். எண் சட்டத்தில்தான் இருக்கிறது. வெட்டிவிட்டால் எது எந்தப் பக்கத்து மிரர் என்று கண்டுபிடிப்பதற்கே ஒரு மாலை போய்விடும்.

3. கழுவுதலும் அச்சுக் கோடும்

உடலைப் பாத்திரம் துலக்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு பழைய பல்துலக்கியால் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகம் எளிதில் விடுபடப் பூசும் எண்ணெய் மேற்பரப்பில் மிச்சமிருக்கலாம். அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது. அங்கங்கே விலகிக் குழி விழும்.

காய்ந்ததும் மேசை விளக்கைச் சாய்வாக வைத்து உடலைத் திருப்பிப் பாருங்கள். அச்சின் துண்டுகள் சந்தித்த இடங்களில் மெல்லிய கோடு தெரியும். மட்கார்டுகளின் மேல்வளைவு, கூரையைத் தாங்கும் தூண்கள், பம்பருக்கு அருகிலுள்ள மூலைகள் ஆகியவற்றில் முதலில் தேடுங்கள். கத்தியை மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல் சுரண்டுங்கள். பிறகு 600, அடுத்து 1000 எண் தாளை நனைத்துத் தேய்க்கவேண்டும். வளைந்த இடத்தில் தாளுக்குப் பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியால் மட்டும் அழுத்தினால் பீட்டிலின் உருண்டையான மட்கார்டில் தட்டையான ஒரு திட்டு உருவாகிவிடும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பு ஏறியதும் பளிச்சென்று தெரியும்.

ஏதாவது பாகத்தை வெட்டி எடுப்பதானால் இரண்டு முறை வெட்டுங்கள். முதல் வெட்டு சட்டத்துக்கு அருகில், இரண்டாவது பாகத்துக்கு அருகில். ஒரே வெட்டில் எடுத்தால் இழுவிசை முழுதும் பாகத்தின் ஓரத்தில் விழுந்து ஒரு துணுக்கு பெயர்ந்துவரும்.

4. பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்

உடல், சேஸிஸ், இருக்கைகள் பொருந்தும் உள்ளறைத் தொட்டி, கண்ணாடி நான்கையும் மாஸ்கிங் டேப்பால் பிடித்துப் பொருத்துங்கள். உடலுக்குள் சேஸிஸ் எந்தக் கோணத்தில் நுழைகிறது, முதலில் முன்பக்கமா பின்பக்கமா, எங்கே உடலைச் சற்று விரிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கைக்குப் பழக்குங்கள். பெயிண்ட் அடித்தபின் இதே வேலையை மெருகிட்ட உடலோடு செய்யப்போகிறீர்கள்.

இறுக்கமாக இருக்கும் இடத்தை இப்போதே தேய்த்துத் தளர்த்துங்கள். பிரைமர், நிறம், கிளியர் சேர்ந்தபின் ஒவ்வொரு ஓரமும் தடிக்கும்; இன்று மட்டுமட்டாக நுழைவது அன்று நுழையாது.

5. கதவுக் கோடுகளை ஆழமாக்குதல்

1/24 அளவில் 1 மி.மீ. என்பது அசலில் 24 மி.மீ. பெயிண்ட் எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. தடித்தாலே அசல் காரில் கிட்டத்தட்ட இரண்டரை மி.மீ. பூச்சுக்குச் சமம். கதவு, பானெட், எஞ்சின் மூடி ஆகியவற்றைச் சுற்றிய பள்ளங்கள் அதில் நிரம்பி, கார் சோப்பில் செதுக்கியதுபோல் ஆகிவிடும்.

அதனால் பிரைமருக்கு முன்பே கத்தியின் முதுகால் அல்லது கைப்பிடியில் பொருத்திய ஊசியால் அந்தப் பள்ளங்களை இலேசாக, பலமுறை இழுத்து ஆழமாக்குங்கள். அழுத்தம் கூடாது. முதல் இழுப்பில் அழுத்தினால் ஊசி தடம் மாறிக் கதவின்மேல் ஓடும். அப்படி ஓடினால் அந்தக் கீறலை பட்டி வைத்து நிரப்பி, காய்ந்தபின் தேய்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

6. பிரைமர்

பிரைமரின் முதல் வேலை பெயிண்டைப் பிடித்துவைப்பது. இரண்டாவது வேலை, உங்கள் தவறுகளைக் காட்டுவது. ஒரு மெல்லிய பூச்சு அடித்து, காய்ந்ததும் மறுபடியும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். விட்டுப்போன கோடும் கீறலும் இப்போது தெரியும். தேய்த்துவிட்டு இன்னொரு பூச்சு. மூன்றாவது முறை தேவைப்பட்டாலும் செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் திருத்துவது நிமிட வேலை, நிறம் அடித்தபின் திருத்துவது வார வேலை.

முத்து வெள்ளை, சிவப்பு, மஞ்சள் போன்ற நிறங்களுக்கு வெள்ளைப் பிரைமர் அடியுங்கள். சாம்பல் பிரைமர்மேல் இவை மங்கிவிடும். அந்த மங்கலை மறைக்கப் பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, பள்ளங்களை நிரப்பிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. பிளாஸ்டிக்கே சிவப்பாக வார்க்கப்பட்ட கிட்டில் வெளிர் நிறம் அடிப்பதானால் நடுவே வெள்ளிப் பூச்சு ஒன்று வேண்டும். சாயம் மேலே ஊறி வெள்ளையை இளஞ்சிவப்பாக்குவதை அது தடுக்கும்.

7. நிறம்

உடலைக் கையில் பிடிக்காமல், உள்பக்கம் டேப் ஒட்டி ஒரு பாட்டில் தலையிலோ வளைத்த துணிமாட்டிக் கம்பியிலோ நிறுத்துங்கள். எல்லாப் பக்கமும் திருப்ப முடியவேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துவிட்டால் தூசி அடங்கும். உல்லன், பருத்தி உடைகளிலிருந்து இழை பறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழைநாளில் அடிக்கவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் லாக்கருக்கு எதிரி. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும்; பளபளப்பு போய் வெண்மை படரும். படர்ந்துவிட்டால் பதறித் துடைக்காதீர்கள். வறண்ட நாள்வரை காத்திருந்து இன்னொரு மெல்லிய பூச்சு அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேனை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். குளிர்ந்த ஊரில் இருப்பவர்கள் கேனை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைக்கலாம். அழுத்தம் சீராகித் துளிகள் நுண்மையாகும். 40 டிகிரிக்கு மேல் சூடாக்குவது வெடிக்கும் ஆபத்து.

சுமார் 20 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். தெளிப்பைக் காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து, வெளியே நிறுத்துங்கள். பட்டனை அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும்தான் பெரிய துளிகள் விழுகின்றன. அவை உடலில் விழக்கூடாது.

முதல் பூச்சு வெறும் தூவல். அடியில் பிரைமர் தெரியும், தெரியட்டும். அடுத்த பூச்சு பிடித்துநிற்க அதுவே சொரசொரப்பு கொடுக்கும். முதல் பூச்சிலேயே மூடிவிட நினைப்பவர்களின் காரில் கதவுக்குக் கீழே பெயிண்ட் வழிந்திருக்கும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டாவது தூவல். மூன்றாவது பூச்சைச் சற்று ஈரமாக, மேற்பரப்பு கண்ணாடிபோல் படியும் அளவுக்கு அடிக்கவேண்டும்.

பீட்டிலில் மட்கார்டு உடலோடு சேரும் உள்வளைவும், ஹெட்லைட்டைச் சுற்றிய இடமும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. அங்கே காற்று திரும்பி மோதுவதால் பெயிண்ட் சரியாகப் படியாது. அதை ஈடுகட்ட அதிகம் அடித்தால் தேங்கும். முதலில் அந்த உள்வளைவுகளுக்கு மட்டும் மெல்லிய தூவல், பிறகு மொத்த உடலுக்கு என்று பழகுங்கள்.

மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிபுள்ளியாக வந்தால், தூரம் அதிகம் அல்லது காற்று மிகவும் சூடு. பெயிண்ட் வழியிலேயே பாதி காய்ந்து விழுகிறது. மெருகிடும்போது ஓரளவு சரியாகும். தூசி விழுந்தால் ஈரத்தில் எடுக்க முயலாதீர்கள். காயவிட்டு, 2000 எண் தாளால் நனைத்துத் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு.

தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும். அது காய்ந்ததாகாது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். கரைப்பான் வாடை இருக்கும்வரை பெயிண்ட் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. சில நாள்கள், ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, விட்டுவிடுங்கள்.

8. காயும் நாள்களில் செய்ய வேண்டியவை

சேஸிஸ்: பீட்டிலின் அடித்தட்டு கறுப்பு. முழுப் பளபளப்பு வேண்டாம், அரைப் பளபளப்புக் கறுப்பு போதும். எஞ்சின், சைலன்சர் பாகங்களுக்கு அலுமினிய, எஃகு நிறங்களை வேறுபடுத்தி அடித்தால் அடிப்பாகம் உயிர்பெறும்.

நீர்த்த சிமென்ட்டை இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பின் ஓரத்தில் தூரிகை நுனியால் தொடுங்கள். அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். விரல் இணைப்பின்மேல் இருந்தால் விரலுக்கும் இழுக்கும், ரேகை பிளாஸ்டிக்கிலேயே பதியும்.

சக்கரத்துக்குள் வைக்கும் மென்மையான வளையங்களில் பசை பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. அவை சக்கர அச்சைச் சுழலவிடுவதற்காக இருப்பவை. அச்சுகளைப் பொருத்தியவுடன், பசை இறுகுமுன், ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் சேஸிஸை நிறுத்தி நான்கு சக்கரமும் தரை தொடுகின்றனவா என்று பாருங்கள். மூன்று காலில் நிற்கும் காரைப் பிறகு சரிசெய்ய முடியாது.

டயரின் நடுவே ஓடும் அச்சுக் கோட்டை 400 எண் தாளால் தேய்த்து எடுங்கள். புதுப் பளபளப்பு போய், ஓடிய டயரின் மங்கல் வரும். இந்த ஒரு வேலைக்குச் செலவாகும் ஐந்து நிமிடம் போல் பலன் தருவது வேறில்லை.

9. டிகால், கிளியர், மெருகு

கிளியருக்கு அடியில் போகவேண்டிய டிகால்களை (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய சின்னங்களை) இப்போது ஒட்டுங்கள். நீரில் சில விநாடி நனைத்து, ஈரத் திசுவின்மேல் ஒரு நிமிடம் விட்டு, தானாக நழுவும்போது நகர்த்துங்கள். இழுத்தால் கிழியும்.

கிளியரின் முதல் இரண்டு பூச்சுகள் மிக மெல்லியதாக, கிட்டத்தட்ட உலர்வாக இருக்கவேண்டும். லாக்கர் கிளியரை ஈரமாக அடித்தால் டிகால் சுருண்டு கரைந்துவிடும். அதன்பிறகு இரண்டு ஈரப் பூச்சு. ஒரு வாரமாவது காயவிடுங்கள்.

மெருகிடும்போது 2000 எண் தாளை நனைத்து, சோப்புத் துளி விட்டு, ஆரஞ்சுத் தோலின் மேடுகள் மட்டும் மங்கும்வரை தேய்க்கவேண்டும். மட்கார்டின் விளிம்பு, பானெட்டின் நடு மேடு, கதவு ஓரம் போன்ற முனைகளில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பெயிண்ட் அங்கேதான் மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் பிரைமர் வந்துவிடும். பிறகு சொரசொரப்பான காம்பவுண்ட் (மெருகுப் பசை), அடுத்து நுண்மையானது, கடைசியாக மெருகுக்கானது. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி வையுங்கள். முதல் காம்பவுண்டின் துகள் கடைசித் துணியில் இருந்தால் கீறல் மீண்டும் வரும்.

பள்ளங்களில் தங்கிய வெள்ளைக் காம்பவுண்டை மென்மையான பல்துலக்கியால் கழுவுங்கள். உலர்ந்தபின் நீர்த்த எனாமலைக் கதவுக் கோடுகளில் ஓடவிடலாம். லாக்கரின் மேல் எனாமல் தின்னர் பாதிப்பதில்லை. ஆனால் பெயிண்ட் படாத பிளாஸ்டிக்கில் அது தேங்கினால் வெடிப்பு வரும். வெளிர் காருக்குக் கறுப்பு வேண்டாம், சாம்பல் போதும். கறுப்பு ஊற்றினால் கதவுகள் கார்ட்டூன் வரைந்ததுபோல் தெரியும்.

10. குரோம்

பம்பர், சக்கர மூடி, ஹெட்லைட் வளையம் குரோம் பூச்சோடு வந்திருந்தால், பசை படும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். சிமென்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. குரோமுக்கு மேலே பூசினால் எதையும் கரைக்க முடியாது. வெட்டிய தழும்பு தெரிந்தால் திரவ குரோம் பேனாவால் ஒரு புள்ளி.

கதவு வழியாக ஓடும் மெல்லிய பட்டைக்கும் பானெட் நடுப்பட்டைக்கும் ஒட்டும் உலோகத்தாள்தான் என் தேர்வு. பேனா எளிது, ஆனால் அதன் பூச்சு காய நாளாகும், விரல் பட்டால் சாம்பலாகும். தாளைப் பட்டையைவிட அகலமாக வெட்டி, இடுக்கியால் எடுத்து வைத்து, பல்குச்சியின் மழுங்கிய முனையால் விளிம்புகளில் அழுத்துங்கள். பிறகு புத்தம்புதிய பிளேடால், தாளை மட்டும் வெட்டும் எடையில், விளிம்பைத் தொடர்ந்து ஓட்டவேண்டும். தாள் கிழிந்து இழுபட்டால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். அழுத்தத்தைக் கூட்டினால் அடியில் பெயிண்ட் அறுபடும், பிறகு அந்த வெட்டு வழியாகவே உரிந்துவரும்.

11. கண்ணாடி

ஜன்னல்களைச் சுற்றிய ரப்பர் பட்டைக்கு அரைப் பளபளப்புக் கறுப்பு. தூரிகையால் அடிப்பவர்கள் நீர்த்த பெயிண்டைக் கொஞ்சமாக எடுத்து, மேட்டின்மேல் ஓடவிட்டால் போதும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு சூப்பர் குளூ ஆகவே ஆகாது. அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெண்புகையாக உறைந்துவிடும், துடைத்தாலும் போகாது. சிமென்ட் ஒரு துளி வழிந்தாலும் கண்ணாடி கரைந்து மங்கும். வெள்ளைப் பசை காய்ந்தால் நிறமற்றது, வழிந்தால் ஈரத் துணியால் துடைக்கலாம். உள்பக்கம் ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்து வையுங்கள். சேஸிஸை மூடியபின் உள்ளே துடைக்க வழியில்லை.

12. கடைசிச் சேர்க்கை

உடலைச் சேஸிஸோடு இணைப்பதை நான்காவது பகுதியில் பழகிய கோணத்திலேயே செய்யுங்கள். மெருகிட்ட உடலின் கீழே மென்மையான துணி விரித்திருக்கட்டும். நுழைய மறுத்தால் தள்ளாமல் வெளியே எடுத்து, பெயிண்ட் தடித்திருக்கும் உள்விளிம்பைச் சுரண்டுங்கள்.

அதன்பிறகு பம்பர், ஹெட்லைட், பின்விளக்கு. கைப்பிடி, வைப்பர், மிரர் மூன்றும் எல்லாவற்றுக்கும் கடைசி. இவற்றை முன்பே ஒட்டினால் ஒவ்வொரு முறை உடலைப் பிடிக்கும்போதும் ஒன்று உடையும். இவற்றுக்கு வெள்ளைப் பசையே போதும். இடித்தால் பசை விடும், பாகம் உடையாது, மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

முடித்த காரை உடனே காற்றுப் புகாத பெட்டியில் அடைக்க வேண்டாம். கிளியரிலும் பசையிலும் கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். சூப்பர் குளூ எங்காவது பயன்படுத்தியிருந்தால் அதன் ஆவி மூடிய பெட்டிக்குள் கண்ணாடியில்தான் போய்ப் படியும். ஒரு வாரம் மேலே ஒரு தாளை மட்டும் கவிழ்த்து வைத்திருந்து, பிறகு நேர்வெயில் விழாத அலமாரிக்கு மாற்றுங்கள்.